எச்சரிக்கை விளக்கு இல்லாத எண்ணெய்

சரக்கு வாகனமொன்றின் எஞ்சினில் எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் ஓட்டுநருக்கு எதிரே உள்ள பலகையில் சிவப்பு விளக்கு எரிகிறது. வெப்பம் மிஞ்சினால் முள் ஏறுகிறது. எண்ணெயில் கலக்கும் கரியையும் உலோகத் துகளையும் பிடித்து வைக்க வடிகட்டி ஒன்றும் இருக்கிறது. அந்த எஞ்சின் தரும் ஆற்றலை வாங்கிப் பின்சக்கரங்களுக்குப் பங்கிட்டுத் தரும் பின்னச்சுக்கு, பெரும்பாலான வண்டிகளில், விளக்கும் கிடையாது, முள்ளும் கிடையாது, வடிகட்டியும் கிடையாது. இரும்புக் கூட்டுக்குள் ஊற்றி மூடப்பட்ட கியர் ஆயில், பல்லாயிரம் கிலோமீட்டர் தூரம் அதே இடத்தில் கிடந்து உழைக்கிறது. அது எரிந்து தீர்வதில்லை என்பதால் கெடுவதுமில்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். பின்னச்சின் பற்கள் தேய்வதும் பேரிங்குகள் இரைச்சலிடத் தொடங்குவதும் பல நேரங்களில் இந்த எண்ணத்தின் விளைவுகளே. அந்த எண்ணெய் என்ன வேலை செய்கிறது, அதை எப்போது, எப்படி மாற்றுவது, மாற்றியபின் பின்மூடியைக் கசிவில்லாமல் அடைப்பதற்குள் ஒளிந்திருக்கும் இயற்பியலும் வேதியியலும் யாவை என்பவை, வண்டியை நம்பிப் பிழைப்பவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியவை.

பின்னச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி, வளைவில் திரும்பும்போது இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தருகிறது. திருப்பத்தின் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓட வேண்டும். எவ்வளவு அதிகம் என்பது வளைவு பெரியதா சிறியதா என்பதைப் பொறுத்ததன்று, இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள அகலத்தையும் வண்டி திரும்பிய கோணத்தையும் மட்டுமே பொறுத்தது. இடைவெளி 1.8 மீட்டர் என்று கொண்டால், அரைவட்டத் திருப்பம் ஒன்றில் வெளிச்சக்கரம் சுமார் 5.65 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமையேற்றிய வண்டி அவை ஒவ்வொன்றிலும் திரும்பும்போது அதன் பின்னச்சுக்குள் இந்தச் சரிக்கட்டல் ஒருமுறை நிகழ்ந்து முடிகிறது. இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தால், அந்த ஐந்தரை மீட்டருக்கு மேற்பட்ட வேறுபாட்டை டயர் தரையில் உரசித்தான் தீர்க்க வேண்டியிருக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் ஒனெசிஃபோர் பெக்கூர் 1820களின் இறுதியிலேயே நீராவி வண்டிக்காக இத்தகைய அமைப்பை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் எஞ்சின் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அதற்குத் தேவையான பின்னச்சு பிறந்துவிட்டது.

எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்னும் சிறிய பல்சக்கரமும், அதனோடு செங்குத்தாகப் பொருந்திச் சுழலும் கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரமும் இருக்கின்றன. கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் ஸ்டார் பினியன் எனப்படும் சிறு சக்கரங்கள் ஒரு குறுக்குத்தண்டில் கோக்கப்பட்டு, இரு பக்க அச்சுத்தண்டுகளின் முனையிலுள்ள சன் கியர்களோடு பற்றிக்கொண்டிருக்கின்றன. நேர்ச்சாலையில் ஸ்டார் பினியன்கள் தம்மைத்தாமே சுற்றிக்கொள்வதில்லை. கூட்டோடு சேர்ந்து உருள்கின்றன, அவ்வளவே. வளைவில்தான் அவை சுழன்று ஒரு பக்கத்தில் குறைந்த வேகத்தை மறுபக்கத்தில் கூட்டுகின்றன. எந்நிலையிலும் இரு சக்கரங்களின் வேகச் சராசரி கிரவுனின் வேகத்துக்குச் சமமாகவே இருக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழல, மறுசக்கரம் அசையாமல் நின்றால், சுழலும் சக்கரம் கிரவுனைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஓடும். ஓட்டுநர் ஆத்திரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால், சாதாரணமாக மெதுவாகத் திரும்பும் ஸ்டார் பினியன்கள் தாம் கோக்கப்பட்ட குறுக்குத்தண்டின்மேல் கடும் வேகத்தில் சுழன்று, அங்கே தெறித்து வரும் சிறிதளவு எண்ணெய் போதாமல் தண்டைக் கீறிவிடும்.

ஆனால் எண்ணெய்க்கு மிகப் பெரிய சோதனை கிரவுனும் பினியனும் பற்றிக்கொள்ளும் இடத்தில்தான் நேர்கிறது. தொடக்ககால மோட்டார் வண்டிகளில் பினியனின் மைய அச்சும் கிரவுனின் மைய அச்சும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்படி அமைந்திருந்தன. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் நகரிலுள்ள கிளீசன் நிறுவனம் 1920களின் நடுவில் உருவாக்கிய ஹைபாய்டு வகைப் பல்சக்கரத்தில் பினியன், கிரவுனின் மையத்துக்குக் கீழே தாழ்த்தி வைக்கப்பட்டது. பேக்கர்டு நிறுவனம் 1926-இல் இதைத் தன் கார்களில் பயன்படுத்தியது. தண்டு தாழ்ந்ததால் வண்டியின் தளம் தாழ்ந்தது, பினியன் பருமனாகவும் அதன் பற்கள் வலிமையாகவும் அமைந்தன, ஓசையும் குறைந்தது. இந்த நன்மைகளுக்கெல்லாம் கொடுத்த விலை, பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் நீளவாட்டத்தில் வழுக்கிக்கொண்டே போவது. கடும் அழுத்தத்தில் இரும்பின்மேல் இரும்பு வழுக்கும் அந்த இடத்தில் அதுவரை இருந்த எண்ணெய்கள் தாக்குப்பிடிக்கவில்லை. ஹைபாய்டு பல்சக்கரம் பரவியதற்கும் அதற்கென்றே தனி எண்ணெய் பிறந்ததற்கும் இடையே நேரடித் தொடர்பு உண்டு.

பல் எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. 3.73 என்று குறிக்கப்படும் விகிதத்தில் பெரும்பாலும் கிரவுனில் 41 பற்களும் பினியனில் 11 பற்களும் இருக்கும். இவ்விரு எண்களுக்கும் பொதுவான வகுஎண் இல்லாததால், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் ஒவ்வொரு பல்லையும் சந்தித்த பிறகே அதே இணை மீண்டும் சேர்கிறது. தேய்மானம் எல்லாப் பற்களிலும் பரவிச் சீராகிறது. தொழிற்சாலையில் இவ்விரு சக்கரங்களும் ஒன்றோடொன்று உரசிப் பண்படுத்தப்பட்ட ஜோடிகளாகவே வருவதால், ஒன்று கெட்டால் மற்றொன்றை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொள்ள முடியாது. எண்ணெய் மாற்றுவதில் மிச்சம் பிடித்தவர் கடைசியில் கிரவுனும் பினியனும் சேர்த்தே வாங்குகிறார்.

பற்கள் தொடும் இடத்தில் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10,000 கிலோவையும் தாண்டக்கூடும். இவ்வளவு நெருக்கத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிட வேண்டும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. வியப்பு என்னவென்றால், அழுத்தம் ஏற ஏற எண்ணெயின் பாகுநிலை, அதாவது ஓட மறுக்கும் தன்மை, பன்மடங்கு உயர்ந்து, பற்களுக்கிடையே அகப்பட்ட அந்தக் கணத்தில் அது கிட்டத்தட்டத் திடப்பொருளாகவே நடந்துகொள்கிறது. எஃகுப் பற்களின் பரப்பும் மிக நுண்ணிய அளவில் அமுங்கி அதற்கு இடங்கொடுக்கிறது. இந்தக் கூட்டு நிகழ்வை இங்கிலாந்தின் டங்கன் டவ்சனும் கோர்டன் ஹிகின்சனும் 1959-இல் கணித முறையில் தீர்த்துக் காட்டினர். அதன்படி பற்களைப் பிரித்து வைக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் 1 மைக்ரான் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து டன் சுமையை மலையேற்றும் வண்டியும் இந்தப் படலத்தை நம்பித்தான் ஏறுகிறது.

அந்தப் படலமும் கிழியும் தருணங்கள் உண்டு: முழுச் சுமையுடன் முதல் கியரில் புறப்படும்போது, மேட்டில் மெதுவாக ஊர்ந்து ஏறும்போது, சூடேறி எண்ணெய் நீர்த்துப் போகும்போது. அப்போது காப்பாற்றுவது எண்ணெயில் கரைந்திருக்கும் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த வேதிப்பொருள்கள். கடும் அழுத்தத்துக்கான கூட்டுப்பொருள்கள் என்று சொல்லப்படும் இவை, சாதாரண வெப்பத்தில் அமைதியாக இருந்து, பல்லின் நுண்முகடுகள் உரசிக் கணநேரம் பழுக்கச் சூடாகும் அதே புள்ளியில் இரும்போடு வினைபுரிந்து, எளிதில் சிராயாக உரிந்துபோகும் மெல்லிய அயர்ன் சல்பைடு போன்ற படலத்தை அமைக்கின்றன. இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்ந்துபோவதற்குப் பதிலாக அந்தப் படலம் தேய்கிறது, மறுபடி உருவாகிறது. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி இந்தக் கந்தகத்தின் நெடிதான். ஒவ்வொரு முறை படலம் உருவாகும்போதும் கூட்டுப்பொருள் சிறிது செலவாகிறது. எண்ணெயின் அளவு குறையாவிட்டாலும் அதன் காக்கும் திறன் குறைந்துகொண்டே வருவது இதனால்தான்.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வகைப்பாட்டில் ஹைபாய்டு பின்னச்சுக்கு உரியது ஜி.எல்.-5, அதில் இந்தக் கூட்டுப்பொருள்களின் அளவு ஜி.எல்.-4 வகையைவிட ஏறத்தாழ இரு மடங்கு. எண் பெரிதாக இருப்பதால் எல்லா இடத்துக்கும் நல்லது என்று கருதி ஜி.எல்.-5 எண்ணெயைக் கியர் பாக்ஸில் ஊற்றுவது தவறு. அங்குள்ள பித்தளை வளையங்களை வீரியமான கந்தகம் அரிக்கக்கூடும். தலைகீழாக, கியர் பாக்ஸ் எண்ணெயைப் பின்னச்சில் ஊற்றினால் பற்கள் பாதுகாப்பின்றி நிற்கும். டப்பாவின்மேல் உள்ள 90, 140 என்ற எண்கள் வேறொன்றைச் சொல்கின்றன. 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை அவை குறிக்கின்றன. 80டபிள்யூ-90 என்பதில் முன்பாதி குளிரில் அது ஓடும் திறனைச் சொல்கிறது. எஞ்சின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் எண் வரிசை வேறு வேறு என்பதால், 90 என்ற கியர் எண்ணெய் உண்மையில் 40 அல்லது 50 என்ற எஞ்சின் எண்ணெயின் கெட்டித்தன்மையையே கொண்டது. கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைத்து, தயாரிப்பாளர் 90 சொன்ன இடத்தில் 140 ஊற்றுவதால், கலக்குவதிலேயே ஆற்றல் வீணாகிச் சூடு கூடலாம். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இதில் இறுதிச் சொல்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பின்னச்சின் வழியே 100 கிலோவாட் ஆற்றல் போகும்போது அதில் 4 விழுக்காடு உராய்வில் வெப்பமாக மாறுகிறது என்று கொண்டால், 4 கிலோவாட் ஆகிறது. குளியலறைச் சுவரில் மாட்டிய வெந்நீர்க் கலன்கள் இரண்டை அந்த இரும்புக் கூட்டுக்குள் வைத்து இடைவிடாமல் எரித்ததற்கு அது சமம். குளிர்விக்க எதிர்க்காற்றைத் தவிர வேறு ஏற்பாடு இல்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெடும் வேகம், ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலாளரின் நடைமுறைக் கணிப்பு. ஆகவே சமவெளியில் பாதிச் சுமையோடு ஓடும் வண்டிக்கும், எப்போதும் இழுவைப் பெட்டியோடு மலையேறும் வண்டிக்கும் ஒரே கிலோமீட்டர்க் கணக்கை வைத்து எண்ணெய் மாற்றுவது பொருந்தாது. பின்னச்சு வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் கிலோமீட்டரைப் பார்க்காமல் உடனே மாற்றிவிட வேண்டும்.

பின்னச்சின் கூடு இரண்டு விதமாக அமைகிறது. இந்தியச் சாலைகளில் ஓடும் பெரிய லாரிகளில் பெரும்பாலும் காணப்படும் கூட்டில், கிரவுனும் பினியனும் ஒரே தொகுதியாக முன்பக்கம் வழியே கழற்றி எடுக்கப்படும். பின்பக்கம் மூடப்பட்டே இருக்கும். எண்ணெய் அடியிலுள்ள வடிகுழாய்த் திருகு வழியாக இறங்கும். மற்றொரு விதத்தில் நடுப்பகுதி வார்ப்பிரும்பாலானது. இரு பக்கமும் அதில் எஃகுக் குழாய்கள் அழுத்திச் செருகப்பட்டுப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் ஒரு தகட்டு மூடி போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். அமெரிக்கப் பிக்கப் வண்டிகளின் பின்னச்சுகள் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தியாவுக்கும் இது புதிதன்று, 1940களின் இறுதியில் மும்பையில் மஹிந்திரா நிறுவனம் பொருத்தி விற்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புகளிலும் இதுவே இருந்தது. பின்மூடி கொண்ட அச்சுகள் பலவற்றில் வடிதிருகே கிடையாது. மூடியைக் கழற்றுவதே எண்ணெயை இறக்கும் வழி. சிரமம் என்று தோன்றும் இந்த அமைப்பில் ஒரு நன்மை மறைந்திருக்கிறது: எண்ணெய் மாற்றும்போதெல்லாம் கிரவுனின் பற்களைக் கண்ணால் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

வேலை தொடங்குமுன் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றுவது, எண்ணெய் நீர்த்து, அடியில் படிந்த துகள்களையும் அள்ளிக்கொண்டு இறங்க உதவும். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இறக்கி வைக்க வேண்டும். அதன்பின் முதல் வேலை எண்ணெயை இறக்குவதன்று, மேலே உள்ள ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. பல ஆண்டுகள் திறக்கப்படாத அந்தத் திருகு துருவேறிப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, புதியது ஊற்றும் வழி திறக்கவில்லை என்று கண்டுபிடிப்பதைவிடப் பெரிய அவதி இந்த வேலையில் இல்லை.

அடுத்து மூடியின் போல்ட்டுகளைக் கீழிருந்து கழற்றி, மேலே இரண்டை மட்டும் சில சுற்றுகள் தளர்த்திய நிலையில் விட்டுவைத்து, கீழ் விளிம்பில் தட்டையான முனையைக் கொடுத்து மெல்ல நெம்பினால் பழைய பசை விடுபட்டு எண்ணெய் அகலமாக இறங்கும். பிக்கப் வகை வண்டிகளில் அது பொதுவாக 2 முதல் 3 லிட்டர் இருக்கும். இங்கேதான் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். வடிகட்டி இல்லாத இந்த இடத்தில் தேய்ந்த இரும்பெல்லாம் எண்ணெயிலேயே தங்கியிருக்கிறது; இறங்கும் எண்ணெய்தான் பின்னச்சு தரும் ஒரே அறிக்கை. கருத்திருப்பது முதுமையைக் காட்டும். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கருகிய நெடி வந்தால் அளவு மீறிச் சூடாகியிருக்கிறது. மூடியின் உட்புறத்திலோ அடியிலோ வைக்கப்பட்டிருக்கும் சிறு காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருக்கும் பொடி, பல்லும் பல்லும் பழகியதால் வந்த இயல்பான தேய்மானம். விரலிடையே தேய்த்தால் வழவழக்கும். நெருடும் சில்லுகளோ, பளபளக்கும் செதில்களோ, பல்லின் உடைந்த முனையோ கிடைத்தால் எண்ணெய் மாற்றி மூடிவிடுவதில் பொருளில்லை. கிரவுனைக் கையால் மெதுவாகச் சுற்றி எல்லாப் பற்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். பற்களுக்கிடையே உள்ள தளர்ச்சி பொதுவாக மில்லிமீட்டரில் 0.15 முதல் 0.25 வரை இருக்க வேண்டும்; கையால் ஆட்டும்போது அதற்கு மேல் தட்டுவது தெரிந்தால் அளவுக்கருவி வைத்துப் பார்ப்பது நல்லது.

மூடியை அடைப்பது பற்றிப் பரவலாக உள்ள நம்பிக்கை, பசை நிறைய வைத்துப் போல்ட்டை முடிந்த மட்டும் இறுக்கினால் கசியாது என்பது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சுமார் 9.5 மில்லிமீட்டர் பருமனுள்ள போல்ட்டை, இவ்வகை மூடிகளுக்கு வழக்கமான 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால், அது ஏறத்தாழ 2 டன் விசையோடு மூடியைக் கூட்டோடு சேர்த்து அழுத்துகிறது. 10 போல்ட்டுகள் சேர்ந்தால் 20 டன். உள்ளிருந்து தள்ளும் விசையோ அற்பம். காற்று வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 30 டிகிரியில் அடைபட்ட காற்று 100 டிகிரிக்குச் சூடாகும்போது அழுத்தம் சுமார் 23 விழுக்காடுதான் உயரும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின்மேல் அது ஏறக்குறைய 115 கிலோ விசையைச் செலுத்தும். 115 கிலோவை எதிர்த்து 20 டன் நிற்கும்போது, கசிவுக்குக் காரணம் இறுக்கக் குறைவு ஆவதில்லை. இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத கால்வாய் ஒன்று இருப்பதே காரணம்: சுரண்டாமல் விட்ட பழைய பசையின் ஒரு நரம்பு, துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் படலம், முன்பு யாரோ அளவு மீறி இறுக்கியதால் போல்ட் துளையைச் சுற்றி உள்வாங்கிய தகடு. கூடுதலாக இறுக்குவது அந்த மூன்றாவது குறையை மேலும் பெரிதாக்கும்.

ஆகவே நேரத்தின் பெரும்பகுதி தூய்மைக்குப் போக வேண்டும். பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியாலோ முனை மழுங்கிய தகட்டாலோ எடுக்க வேண்டும்; சுழலும் அரைவட்டு வைத்துத் தேய்த்தால் அதிலிருந்து உதிரும் உராய்பொடி பேரிங்குக்குள் புகுந்து, சுத்தம் செய்த கையாலேயே அச்சைக் கெடுத்ததாகிவிடும். மூடியைச் சமதளக் கண்ணாடியின்மேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் விளிம்பின் வளைவு தெரியும். உள்வாங்கிய துளைகளை மரத்துண்டின்மேல் வைத்துச் சுத்தியால் தட்டிச் சமமாக்கலாம். கூட்டின் விளிம்பு கடைசிவரை சோதனை தரும், ஏனெனில் கிரவுனின்மேலிருந்தும் குழாய்களிலிருந்தும் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். துடைத்த இடம் ஐந்து நிமிடத்தில் மறுபடி நனையும். எண்ணெய் முழுதும் வடியக் காத்திருந்து, பிரேக் கிளீனர் போன்ற கொழுப்பகற்றியில் நனைத்த வெள்ளைத் துணியால் துணியில் கறை படாத வரை துடைப்பதுதான் வழி. இந்த அரை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ள உதவும் பசை எதுவும் கடையில் இல்லை.

பட்டறைகளில் அனபாண்ட் என்ற பொதுப்பெயரால் வழங்கும் சிலிக்கோன் பசை, அறை வெப்பநிலையில் தானே இறுகி ரப்பராக மாறும் வகையைச் சேர்ந்தது. அதன் முதுகெலும்பு, சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி. கார்பன் சங்கிலியாலான சாதாரண ரப்பரைவிட வெப்பத்தை அதிகம் தாங்குவதற்கு அந்தப் பிணைப்பின் வலிமையே காரணம். குழாய்க்குள் கூழாக இருக்கும்போது சங்கிலிகள் தனித்தனியே கிடக்கின்றன. வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரப்பதம் அவற்றின் முனைகளோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று முடிச்சிடுகிறது. சில வகைகள் இறுகும்போது புளிக்காடி நெடி வீசுவது, அவ்வினையில் அசெட்டிக் அமிலம் வெளிப்படுவதால். உலோகத்தை அரிக்காத வேறு வகைகளும் கிடைக்கின்றன, பின்னச்சுக்கு கியர் எண்ணெயைத் தாங்கும் என்று குறிக்கப்பட்ட வகையையே தேர வேண்டும். ஈரம் வெளியிலிருந்து உள்ளே ஊடுருவிப் போக வேண்டியிருப்பதால், பசை மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் இறுகும். கடலோர ஊரின் ஈரக்காற்றில் விரைவாகவும், வறண்ட குளிர்ப் பகுதியில் மெதுவாகவும் அது நிகழும்.

இந்த வேதியியலைப் புரிந்துகொண்டால் செய்முறை தானாகத் தெளிவாகும். சுமார் 3 மில்லிமீட்டர் பருமனில், இடையில் அறுபடாத ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உட்பக்கமாகச் சென்று ஒவ்வொரு துளையையும் சுற்றி வளைத்துப் பசையை இட வேண்டும். துளையின் வெளிப்பக்கம் மட்டும் போட்டால் எண்ணெய் போல்ட்டின் மரை வழியே வெளியே நடந்து வரும். பசையின் மேல் தோல் படிவதற்குள், அதாவது சில நிமிடங்களுக்குள், மூடியை நேராக வைத்துப் போல்ட்டுகளைக் கையால் முடுக்கி, பின்பு எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சால் இரண்டு மூன்று படிகளில் உரிய அளவுக்கு இறுக்க வேண்டும். பசையைத் தாராளமாக அப்பினால் மிஞ்சியது உள்ளே பிதுங்கி, இறுகியபின் துண்டாக உடைந்து எண்ணெயோடு சுற்றும். மூடியபின் எண்ணெய் ஊற்றுவதற்குமுன் குழாயின்மேல் அச்சிட்டுள்ள நேரம் முழுதும் காத்திருக்க வேண்டும். வண்டி மறுநாள் காலைதான் தேவை என்றால் இரவு முழுதும் விடுவது சிறந்தது. பல வகைகள் முழு வலிமை பெற 24 மணி நேரம் ஆகும்.

காகிதப் பேக்கிங் வைப்பதும் பழைய முறைதான். ஆனால் அது நாளடைவில் அமுங்கித் தளர்வதால் போல்ட்டின் இறுக்கமும் குறையும். எஃகுத் தகட்டின்மேல் ரப்பர் வரி வார்க்கப்பட்ட பேக்கிங்குகள் அடிக்கடி திறக்கும் அச்சுகளுக்கு ஏற்றவை. அவற்றுக்குப் பசை பூசக் கூடாது.

மூடியைவிடக் கவனம் பெறாத உறுப்பு பிரீதர் எனப்படும் சுவாசக்குழாய். அச்சுக் குழாயின் மேல் விரல் நுனி அளவில் இருக்கும் இந்தச் சிறு மூடித்துளை, உள்ளே சூடேறும் காற்றை வெளியேற்றவும் குளிரும்போது உள்ளே இழுக்கவும் வைக்கப்பட்டது. சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அது அடைபட்டால், மேலே கணக்கிட்ட 23 விழுக்காடு அழுத்தம் மூடியை ஒன்றும் செய்யாவிட்டாலும், பினியன் தண்டையும் சக்கர முனைகளையும் மெல்லிய ரப்பர் உதட்டால் பிடித்திருக்கும் ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். சக்கரப் பக்கம் வெளியேறிய எண்ணெய் பிரேக் கட்டையை நனைத்தால் அது உயிருக்கே ஆபத்து. எதிர்த்திசையிலும் இதே இயற்பியல் வேலை செய்கிறது: சூடான அச்சு ஓடைநீரில் இறங்கிச் சட்டெனக் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே சீல்களின் வழியே தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. பால்நிற எண்ணெயின் பிறப்பிடம் பெரும்பாலும் இதுவே. புதுச் சீல் மாற்றியும் மறுபடி மறுபடி கசியும் வண்டிகளில், பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

புதிய எண்ணெயை ஃபில்லர் துளையின் கீழ்விளிம்பு வரை, அல்லது கையேடு அப்படிச் சொன்னால் அதற்குச் சற்றுக் கீழ் வரை ஊற்றினால் போதும்; வண்டி சமநிலையில் நின்றால்தான் இந்த அளவு உண்மையாகும். மிகுதியாக ஊற்றினால் கிரவுன் அதைக் கடைந்து நுரைக்க வைக்கும், காற்றுக் குமிழிகள் நிறைந்த எண்ணெய் படலமாக நிற்காது. சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் உராய்வுத் தட்டுகள் கொண்ட டிஃபரன்ஷியலாக இருந்தால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட உராய்வு திருத்தும் கலவையையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் கடகடவென அதிரும். இறக்கிய பழைய எண்ணெய், 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தீங்குக் கழிவு விதிகளின்கீழ் வருவது. சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடிய கலத்தில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேரும்படி ஒப்படைக்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்குப் பின் மூடியின் அடியில் ஈரம் தெரிந்தால் உடனே மூடியைக் குறை சொல்லிவிட முடியாது. முன்னால் இருக்கும் பினியன் சீலிலிருந்து கசியும் எண்ணெயை எதிர்க்காற்று கூட்டின் அடிவழியே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, மூடியின் கீழ் போல்ட்டில் சொட்டாகத் தொங்க விடும். கூட்டை முழுதும் கழுவி உலர்த்தி, மூடியின் விளிம்பைச் சுற்றியும் பினியன் முனையிலும் முகப்பவுடரை மெல்லத் தூவிச் சில கிலோமீட்டர் ஓட்டிவந்து பார்த்தால், எண்ணெய் புறப்படும் இடத்திலிருந்து பவுடரில் ஈரக்கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டின் முன்முனை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் அடுத்த வேலை.